உப்பேறாத சுவர்

சுவரில் உப்பு இல்லை. அதுதான் பூவராகவனுக்கு முதலில் உறுத்தியது.

சதுரங்கப்பட்டினத்துக் கரையில் உப்பேறாத வீடு கிடையாது. கடற்காற்று பட்ட சுவர் சீக்கிரமே பொரிந்து மாவாக உதிரும்; கடல்மணல் கலந்து கட்டியதென்றால் கேட்கவே வேண்டாம். மேலே சுண்ணாம்படித்து அதை மறைத்து விற்பவர்கள் ஏராளம். அதனால் செங்கல்பட்டு வீட்டுத் தரகர்களில் பூவராகவன் மட்டும் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வெயிலில் எந்த வீடும் நல்ல வீடுதான் என்பார். மழை விட்ட மறுநாள்தான் வீடு காட்டக் கூட்டிப்போவார். பின்கட்டுச் சுவரை நகத்தால் சுரண்டி, வாங்க வந்தவர் கண்ணெதிரே நாக்கில் வைத்துப் பார்ப்பார். கரித்தால், "வாங்க, வேற வீடு பார்க்கலாம்" என்று செருப்பை மாட்டிக்கொள்வார். பூவராகவன் நாக்கு பார்த்த வீடு என்றால் பஜாரில் மறுபேச்சு கிடையாது.

அன்றும் சுரண்டினார். வந்தது பொடியாக இல்லை. ஆறிப்போன கறிக்குழம்பின் மேல் உறைந்து நிற்குமே கொழுப்பு, அதைப் போல நகக்கண்ணில் அப்பிக்கொண்டது. வெயில் எட்டாத மூலைதான். ஆனாலும் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. நாக்கில் வைத்தார். இனித்தது. அந்த இனிப்புக்கு அடியில், சீம்பால் திரிந்தது போன்ற ஒரு வாடை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, விழுங்கிய பிறகும் இறங்க மறுத்தது. வந்த குமட்டலை இருமி மறைத்தார்.

"என்னா புரோக்கரே, கரிக்குதா?" என்றார் ஜெயினுலாபுதீன். செங்கல்பட்டில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பக்கம் இன்னொரு கடை போட்டுக் குடியும் வந்துவிட எண்ணியிருந்தார். அருகில் அவர் மனைவி ஜெய்புன்னிசா, வாயும் வயிறுமாக, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி ஒன்பது வருடம் தவமிருந்து தரித்த பிள்ளை.

பழைய சுண்ணாம்புக் காரையில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைப்பார்கள். அந்த வெல்லம்தான் இனிக்கிறது என்று பூவராகவன் தன் மனசுக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"கரிக்கல பாய். அந்தக் காலத்து வெல்லக் காரை. தித்திக்குது."

சாவியோடு நின்றிருந்த குப்பத்து மீனவன் மாயவன் சிரித்தான். "இன்னா அண்ணாத்த, இன்னும் ரெண்டு வாய் துன்னேன். நாஸ்தா செலவு மிச்சமாவும்."

ஜெய்புன்னிசா மட்டும் சிரிக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"வாசனை நல்லாருக்குண்ணே," என்றாள் மெல்ல. "இந்த வூடே இருக்கட்டும்."

அந்த ருசி பூவராகவனை விட்டுப் போகவில்லை. பஸ்ஸில் வெற்றிலை போட்டார். வெற்றிலைச் சாற்றின் மேல் அது மிதந்தது. சோற்றில் இருந்தது, மோரில் இருந்தது, பல் விளக்கிய கரித்தூளில் கூட இருந்தது.

"ஊரான் வூட்டுச் சுவத்தையெல்லாம் நக்கினா நாக்கு வேற எப்படி இருக்குமாம்?" என்றாள் மனைவி வச்சலா. "உப்புப் போட்டுக் கொப்புளிங்க."

கொப்புளித்தார். விரலை விட்டு நாக்கை வழித்தார். சாம்பல் நிறத்தில் நூல் நூலாகக் கோழை வந்தது. அதற்குள்ளே பூனைமயிர் போல ஒரு முடி, வேரோடு. வேரின் நுனி ஈரமாக, வெள்ளையாக, பேன்முட்டை மாதிரி உருண்டிருந்தது. குடல் வெளியே வரும்படி வாந்தி எடுத்தார். எடுத்து முடித்ததும் பசித்தது. அந்தப் பசி சோற்றைக் கேட்கவில்லை.

பத்திரம் பதிந்து, பாத்திஹா ஓதி அவர்கள் குடிபோனார்கள். வருந்தி அழைத்தும் பூவராகவன் போகவில்லை. வெல்லக் காரை, வெல்லக் காரை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நாட்களைத் தள்ளினார்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் பஜாரில் ஜெயினுலாபுதீனே எதிர்ப்பட்டார். தீபாவளி வியாபாரத்துக்காகப் பத்து நாளாகச் செங்கல்பட்டுக் கடையிலேயே தங்கியிருந்தவர், சரக்கெடுக்க மெட்ராஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"உம்ம நாக்கு என் வூட்டுக்காரிக்கும் ஒட்டிக்கிச்சு புரோக்கரே," என்று சிரித்தார். "மசக்கை வுடவே இல்ல. சுவத்தைச் சுரண்டிச் சுரண்டித் திங்கிறா. பொம்பளைங்க சாம்பல் மண்ணு திங்கிறது சகஜந்தானே?"

பூவராகவனால் சிரிக்க முடியவில்லை. வீட்டுக்குக் கூடப் போகாமல் சதுரங்கப்பட்டினம் பஸ்ஸில் ஏறினார். எப்படியாவது அந்தப் பெண்ணை அங்கிருந்து கிளப்பிவிட வேண்டும். வேறு வீடு பார்த்துத் தருவது தன் பொறுப்பு. பிள்ளை பிழைத்தால் போதும்.

இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மாயவன் கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தான்.

"அந்தம்மா வெளிய தலகாட்டியே நாளாச்சு அண்ணாத்த. மீனு குட்த்தா வாணாங்குது," என்றான். "எங்க குப்பத்து நாய்ங்க முன்னயிருந்தே அந்தச் சொவத்த நக்கிகினே கெடந்துச்சுங்க. இப்ப ஒண்ணுத்தயும் காணோம்."

"இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்னடா?"

"நீ கேட்டியா? நீயே நக்கிட்டு தித்திக்குதுன்ட்டே. உன் நாக்குக்கு மேல நான் இன்னாத்த பேசறது?" மாயவன் வலையைத் தோளில் போட்டான். "நான் உள்ள வரமாட்டேன். பாத்துட்டுச் சுருக்க வந்துடு."

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே காலை வைத்ததும் வாடை முகத்தில் அறைந்தது. நாட்கணக்கில் கழுவாத தலையின் சிக்கு, திரிந்த பால், நனைந்து காயாத கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே அந்த இனிப்பு, ஈ மொய்க்க அழுகிய பலாச்சுளை போல மூக்கில் ஏறித் தொண்டைக்குள் வழிந்தபோது, அவர் வாயில் எச்சில் ஊறியது. வாடையை விட, ஊறிய அந்த எச்சில்தான் அவருக்கு அருவருப்பாக இருந்தது.

கூடத்துச் சுவர்கள் வியர்த்திருந்தன. வெள்ளைப் பூச்சில் துளித்துளியாக எண்ணெய்ப் பசை. கூப்பிடு தூரத்தில் கடல். ஆனால் அலைச்சத்தம் உள்ளே கேட்கவில்லை. வேறொன்று கேட்டது.

கரக். கரக்.

பிறகு, மெல்லும் ஓசை.

பின்கட்டில் அரிக்கேன் விளக்கு எரிந்தது. ஜெய்புன்னிசா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முதுகு தெரிந்தது. தாடை அசைவது தெரிந்தது.

"தங்கச்சி."

"வாங்கண்ணே." திரும்பினாள். வாயைச் சுற்றி வெள்ளை. பல்லிடுக்கில் முடி. விரல்நுனிகளில் நகம் இல்லை. முந்தானை சரிந்து கிடந்தது. வயிறு தட்டையாக இருந்தது.

"பிள்ள... பிள்ள எங்கம்மா?"

அவள் விளக்கைத் தூக்கிப் பிடித்தாள்.

இடுப்புயரத்தில் சுவர் புடைத்திருந்தது. உருண்டையாக. பூச்சு விரிசல் விடாமல், நிறைமாத வயிற்றின் தோலைப் போல இழுபட்டுப் பளபளத்தது. அடியில் நீல நரம்புகள். நடுவே, உள்ளிருந்து ஒரு சின்னக் குதிகால் அழுத்தி, மெல்ல நகர்ந்து, அடங்கியது.

"நான் தின்னத் தின்ன அது எடுத்துக்கிச்சுண்ணே. நோவே தெரியல." அவள் குரலில் அழுகை இல்லை, களைப்பு மட்டும் இருந்தது. "அவங்களுக்கு இன்னும் தெரியாது. வர்றதுக்குள்ள எடுத்துடணும்."

மூலையில் கடப்பாரை கிடந்தது. அவர் அதை எடுத்தார். அவள் பாய்ந்து அவர் காலைப் பிடித்தாள்.

"வாணாம்ணே! கரண்டியால குத்திப் பாத்தேன்." புடைப்பின் ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை. அதிலிருந்து ரத்தம் கசிந்து தரையில் கட்டியாக உறைந்திருந்தது. எறும்புகள். "இரும்பு பட்டா புள்ளைக்கு ஆவாது. வாயாலதான் எடுக்கணும். என் பல்லெல்லாம் ஆடுதுண்ணே. இனிமே என்னால ஆவாது. நீங்க கொஞ்சம்..."

ஓடிவிடலாம். கதவு திறந்துதான் இருக்கிறது. மாயவனைக் கூப்பிடலாம். அவன் வரமாட்டான். வேறு யார் வருவார்கள்?

உள்ளே ஏதோ அழுதது. தண்ணீருக்கடியில் அழுவது போல. மூச்சு முட்டுவது போல.

கடப்பாரை கையிலிருந்து விழுந்தது.

மண்டியிட்டார். சுவர் சூடாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார். கடித்தார். தோலாக இழுபட்டுக் கையகலம் பிய்ந்து வந்தது. முடி தொண்டையில் சிக்கியது. விழுங்கினார். இன்னொரு வாய். கொழுப்பு மோவாயில் வழிந்தது. இன்னொரு வாய். குமட்டவில்லை. அது அவரைப் பயமுறுத்தியது. இன்னொரு வாய்.

"அப்படித்தாண்ணே," என்றாள் அவள். "இன்னும் கொஞ்சந்தான்."

சுவரின் கனம் குறைந்தது. அழுகை நின்றது. ஒரு சவ்வு மட்டும் மிச்சம், முட்டை ஓட்டுக்குள் இருப்பது போல. அதை நாக்கால் துழாவி விலக்கினார்.

அந்தப் பக்கத்து இருட்டிலிருந்து, ஒரு சின்ன, சூடான நாக்கு அவர் நாக்கைத் தடவி, நிதானமாக ருசி பார்த்தது.