எட்டாம் அறைக்குத் தண்ணீர்

எட்டாம் அறைக்கு நீட்டிய தகரக் குவளை திரும்பி வந்தபோது அதில் ஈரமே இல்லை.

லாசர் குவளையைக் கவிழ்த்துப் பார்த்தான். உள்ளே விரலை விட்டுத் தடவினான். பகல் முழுக்க வெயிலில் கிடந்த தகரம் போலச் சுட்டது. சற்று முன்புதான் பானையிலிருந்து விளிம்பு தட்ட மொண்டு, கதவுக்கு அடியில் ஒரு சாண் உயரம் விட்டிருந்த சந்து வழியாகத் தள்ளியிருந்தான். குடிக்கும் சத்தமும் கேட்டது. மாடு தொட்டியில் வாய் வைத்து உறிஞ்சுவது போல, இடையில் மூச்சே விடாத சத்தம். ஒரு சொட்டாவது ஒட்டியிருக்க வேண்டும்.

இது சரியில்லையே என்று நினைத்தான். நினைத்ததோடு சரி. குவளையைப் பானை மூடிமேல் கவிழ்த்துவிட்டு முக்காலியில் வந்து உட்கார்ந்தான்.

பதினோரு மாதமாக அவனுக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது. நாலு வயது மகள் எஸ்தர் காய்ச்சலில் போன நாளில் அவன் அழவில்லை. குழியில் மண் தள்ளும்போதும் அழவில்லை. அழக்கூடாது என்று அடக்கியதில்லை, வரவில்லை. பசுமலையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் மணியடிக்கிற வேலையில் இருந்தான். ஒருநாள் மணிக்கயிற்றைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்து மத்தியான மணியை விட்டுவிட்டான். பிள்ளைகள் பசியோடு ஒன்றரை மணி வரை வகுப்பிலேயே இருந்தார்கள். அதோடு அந்த வேலை போனது.

பிறகுதான், அந்தக் கதையைக் கேள்விப்பட்டு, தலைமை வார்டர் சங்கிலி வீடு தேடி வந்தார். நாற்பத்திரண்டாம் வருடக் கலவரத்தில் பிடித்தவர்களை வைக்கப் பெரிய ஜெயிலில் இடம் போதாமல், கப்பலூர்ப் பக்கப் பொட்டலில் பாழாய்க் கிடந்த ஒரு பஞ்சு மூட்டைக் கிட்டங்கியைத் தடுத்து அறைகளாக்கித் தற்காலிக ஜெயில் ஒன்று வைத்திருந்தார்கள். இரண்டு வருடம் ஆகியும் அது தற்காலிகமாகவே நடந்துகொண்டிருந்தது.

"மூணு நாளு வந்து இருந்து பாரு மாப்ள. புடிச்சா கையெழுத்துப் போடு, புடிக்கலேன்னா போயிட்டே இரு" என்றார்.

இது முதல் நாள்.

நீளமான நடையின் ஒரு பக்கம் எட்டு அறைகள். ஜன்னல் கிடையாது. ஓட்டுக்கு அடியில் இருந்த ஓட்டைகள் வழியாக வெளிச்சம் கோல் கோலாக இறங்கி, தரைக்கு வருவதற்குள் மங்கிப்போனது. பருத்திக்கொட்டையின் எண்ணெய் வாடை, புதுச் சுண்ணாம்பு, பினாயில், பல பேருடைய வியர்வை, எல்லாம் கலந்து நின்றது. கைதிகள் காலையில் கல் உடைக்கப் போனால் ஆறு மணிக்குத்தான் திரும்புவார்கள். பகலில், எட்டாம் அறையை விட்டால், ஏழாம் அறையில் மட்டும் ஆள் உண்டு. கருப்பு என்று பெயர். இருபது வயதுக்குள்தான் இருப்பான். கைதிகளை மேய்க்கும் மேஸ்திரி காளையைக் கை நீட்டி அடித்ததற்காக ஒரு வாரம் தனியறை.

அவனால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"அண்ணே, மணி என்னண்ணே இருக்கும்?"

"ரெண்டு."

"அம்புட்டுத்தானா?" கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "அண்ணே, பக்கத்து ரூம்புல யாருண்ணே? செவுத்தச் சொரண்டிக்கிட்டே இருக்கான். கூப்புட்டா பேச மாட்டேங்குறான்."

தனக்கும் தெரியாது என்பது லாசருக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் பகலில் எட்டாம் அறைக்காரன் கேட்டுக்கொண்டே இருந்தான். ஒரே மாதிரி, சத்தமில்லாத, தொண்டை வற்றிய குரல். "ஐயா... தண்ணி." லாசர் ஏழு தடவை எழுந்து போய்க் கொடுத்தான். ஏழு தடவையும் குவளை காய்ந்து வந்தது. எட்டாவது தடவை பானைக்குள் கையை விட்டபோது அடியில் மணல் நெருநெருத்தது. காலையில் நிரப்பிய பெரிய பானை. ஏழு குவளையில் தீர்ந்திருக்காது.

"யாருக்கு மோந்துக்கிட்டு இருக்க?"

சங்கிலி பின்னால் நின்றிருந்தார்.

"எட்டுல இருக்கவருக்குண்ணே."

சங்கிலி இடுப்புச் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு போய் எட்டாம் அறைக் கதவைத் திறந்தார்.

உள்ளே யாரும் இல்லை. பாய் இல்லை. சட்டி இல்லை. தரையில் விரல்கனத் தூசி, அதில் ஒரு காலடி இல்லை. சந்துக்குப் பக்கத்திலும் ஈரமில்லை. இரண்டு நாளாக அவன் தள்ளிய தண்ணீர் போன இடமே தெரியவில்லை.

"போன சித்திரையில ஒருத்தன் இருந்தான்" என்றார் சங்கிலி. சந்தைக்குப் போய்வந்த கதையைச் சொல்வதுபோலச் சொன்னார். "நான்தான் டூட்டி. தண்ணி தண்ணின்னான். எல்லாப் பயலும் அப்படித்தான் கத்துவாய்ங்க, நாம எந்திரிச்சா தலையில ஏறி ஒக்காந்துக்கிருவாய்ங்கன்னு விட்டுட்டேன். தெறந்து பாத்தா செத்துக் கெடந்தான். அதுலருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான்."

"ஒங்களுக்கும் கேக்குதாண்ணே?"

"மொத ஒரு மாசம் கேட்டுச்சு." கதவைப் பூட்டினார். "குடுக்காத. குடுத்தா பழகிக்கிரும். காதுல விழுந்தாலும் எந்திரிக்காத. இந்த வேலைன்னா அதுதான், மத்ததெல்லாம் சாவி திருப்புறது. ஒன்னயக் கூட்டியாந்ததே அதுக்குத்தான் மாப்ள. ஒனக்குத்தான் எதுவும் ஒறைக்காதே."

திருப்பரங்குன்றத்து மலை கறுத்து நிற்க, பொட்டல் வழியே வீட்டுக்கு நடந்தான். பயமாக இருக்கிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தான். வயிற்றில் ஏதோ இருந்தது. பயமா பசியா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மனைவி அற்புதமேரி சோற்றை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் கையெழுத்தா?"

"ம்."

"வேணாங்க."

"வேற வேல இல்லையே."

"நீங்க எஸ்தருக்கு ஒரு நாளாச்சும் அழுதிருந்தா, நானே போயிட்டு வாங்கன்னு சொல்லியிருப்பேன்."

அவன் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடித்தான்.

மூன்றாம் நாள் காலை, கல்லுடைக்கும் கூட்டம் காளையோடு வெளியேறியதும் ஏழாம் அறையிலிருந்து கருப்பு கூப்பிட்டான். "அண்ணே, வயிறு ஒரு மாதிரி பெரட்டுதுண்ணே. வெளிய விடச் சொல்லுங்க."

"சாயங்காலம் பாப்போம்" என்றான் லாசர்.

பத்து மணிக்கெல்லாம் ஓடு கொதிக்க ஆரம்பித்தது. சூடு ஏற ஏறச் சுவர்களுக்குள் ஊறிக் கிடந்த பருத்திக்கொட்டை வாடை எழுந்து, எண்ணெய்ச் செக்குக்குள் உட்கார்ந்திருப்பது போல நெஞ்சை அடைத்தது. எங்கோ கூரைக்குள் ஓர் ஓணான் ஓடி நின்றது. பதினொன்று இருக்கும்போது எட்டாம் அறை ஆரம்பித்தது.

"ஐயா... தண்ணி."

லாசர் எழவில்லை.

"ஐயா..."

கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். குரல் கெஞ்சியது, நின்றது, மறுபடி ஆரம்பித்தது. நேரம் போகப் போக அது சுவர்க்கோழிச் சத்தம்போல ஆனது. கேட்டது, ஆனால் உள்ளே இறங்கவில்லை. இவ்வளவுதானா என்று இருந்தது அவனுக்கு. இந்த வேலை முடியும். முடிகிற வேலைதான்.

உச்சிக்குப் பிறகு ஏதோ உருண்டு உடைந்தது. சட்டியாக இருக்கும். தரையில் எதுவோ இழுபட்டு வந்தது. ஒரு புது நாற்றம், புளித்த கஞ்சி போல, நடைக்குள் பரவியது.

"தண்ணிண்ணே."

லாசர் தலையைத் தூக்கினான்.

அண்ணே. ஐயா இல்லை.

எட்டுதான், என்று சொல்லிக்கொண்டான். பழகிக்கொண்டுவிட்டது. பக்கத்து அறைக்காரன் பேச்சைப் பிடித்துக்கொண்டது. சங்கிலி சொன்னாரே.

"அண்ணே... ஒரு வாயி... அண்ணே."

பானை பத்து அடியில் இருந்தது. நிறைந்திருந்தது. குவளை அதன்மேல் கவிழ்ந்திருந்தது. எழுந்தால் போதும்.

ஐயா என்றது ஒரு குரல். அண்ணே என்றது இன்னொன்று. இரண்டும் சேர்ந்து கேட்டன. இரண்டு. அவன் எண்ணினான். இரண்டுதான்.

எழவில்லை.

மூன்று மணி. தகரக் கதவில் நகம்.

நாலு மணி. நகமும் இல்லை.

ஆறு மணிக்குக் கூட்டம் திரும்பியது. முன்னால் வந்த காளை ஏழாம் அறைக்கு எதிரில் அப்படியே நின்றான். கதவுச் சந்துக்கு வெளியே நாலு விரல்கள் நீண்டிருந்தன. விரல்களுக்குப் பக்கத்தில், கல்தரையோடு ஒட்டி, நாக்கு. காலையில் தரை கழுவியபோது தேங்கிய தண்ணீரின் அழுக்குத் தடம் அந்த இடத்தில் மட்டும் வட்டமாக நக்கித் துடைக்கப்பட்டிருந்தது.

"வாந்திபேதி" என்றார் சங்கிலி, கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு. உடைந்த சட்டியைக் காலால் ஒதுக்கினார். காளை வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான். தன்னை அடித்தவன் என்ற கோபமெல்லாம் அவன் முகத்தில் இல்லை.

சங்கிலி லாசரைக் கேட்டைத் தாண்டிய சின்ன அறைக்குக் கூட்டிப் போனார். மேஜைமேல் இரண்டு தாள். ஒன்று வேலைக்கு. இன்னொன்றில், கைதி பகல் முழுவதும் சத்தமின்றித் தூங்கியதாக எழுதியிருந்தது.

"ரெண்டுலயும் போடணும்" என்றார்.

"அவன் கூப்புட்டாண்ணே."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சுண்ணே."

"அப்ப எந்திரிச்சிருக்கணும். எந்திரிக்கல. பெறகு எதுக்கு யோசிக்கிற?" சங்கிலியின் குரலில் மிரட்டல் இல்லை. களைப்பு மட்டும்தான் இருந்தது. "வெளிய போனாலும் நீ இதே ஆளுதான் மாப்ள."

லாசர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். இரண்டிலும்.

டாக்டர் காலையில்தான் வருவார். அதுவரை ஏழாம் அறைக்குக் காவல் வேண்டும். அதுதான் அவனுடைய முதல் டூட்டி. மற்றக் கைதிகளை முற்றத்துக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். அரிக்கேன் விளக்கோடு முக்காலியில் உட்கார்ந்தான். திறந்து கிடந்த கதவுக்குள் கருப்புவின் உடலைப் பாயில் நீட்டி, தாடையைத் தூக்கி வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். துணி வாயையும் மூடிக் கிடந்தது. எட்டாம் அறையில் சத்தமே இல்லை. முதல்முறையாக இல்லை.

விளக்கின் திரி படபடத்தது. காற்று கிடையாது.

வெள்ளைத் துணி, வாய் இருந்த இடத்தில், உள்ளே குழிந்தது.

வெளியே உப்பியது.

மறுபடி குழிந்தது.

"அண்ணே."

லாசர் எழுந்தான். இந்தத் தடவை எழுந்தான். ஒரு குவளை மொண்டான். கால் தானாக நடந்தது. பாய்க்குப் பக்கத்தில் மண்டியிட்டுத் துணி முடிச்சை அவிழ்த்தான். கண்கள் மூடியே இருந்தன. உதடுகள் வெடித்துப் பிளந்திருந்தன. குவளையைச் சாய்த்துப் பார்த்தான். தண்ணீர் கடைவாய் வழியே வழிந்து, தரையைத் தொடுமுன் இல்லாமல் போனது.

விரலை நனைத்தான். நுனியை மட்டும். பிளந்த உதட்டில் வைத்தான்.

நாக்கு வந்தது. மாட்டு நாக்குபோலச் சொரசொரப்பாக, அடுப்புச் சாம்பல்போலச் சூடாக. விரலைச் சுற்றிக்கொண்டது. முதல் கணு வரை இழுத்தது. இரண்டாம் கணு. லாசர் கையை உருவினான். வரவில்லை. பல் இறங்கியது.

வலித்தது. பதினோரு மாதத்தில் முதல்முறையாக அவனுக்கு வலித்தது. வாயைத் திறந்து கத்தினான். "அண்ணே! சங்கிலிண்ணே!" முற்றத்துக்கு அப்பால் சங்கிலியின் இருமல் தெளிவாகக் கேட்டது. கட்டில் கிறீச்சிட, அவர் திரும்பிப் படுப்பதும் கேட்டது.

யாரும் எழுந்து வரவில்லை.

மூடிய கண்களோடு அந்த வாய், அவசரமில்லாமல், அவன் மணிக்கட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.