கறுப்புக் கண்ணாடி

தலையணை உறையில் சாம்பல் படிந்திருந்தது. மாரிசெல்வி விரலால் தொட்டுப் பார்த்தாள். சாம்பல் இப்படி வழுக்காது. விரல் நுனியில் அப்பிக்கொண்டு லேசாக மின்னியது. ஒரகடத்துத் தொழிற்சாலையில் எட்டு மணி நேரமும் விளக்கின் கீழ் செல்போன் கண்ணாடிகளைத் திருப்பித் திருப்பித் தூசி தேடுவதுதான் அவள் பிழைப்பு. எத்தனையோ தூசிகளை அவளுக்குத் தெரியும். இதைத் தெரியவில்லை. சுடிதாரில் அழுத்தித் துடைத்த பிறகும் விரல் கூசியது.

"லைட்ட அமத்துக்கா" என்றாள் சந்தனமாரி, சுவரைப் பார்த்துப் படுத்தபடி.

தங்கைக்கு மெட்ராஸ் ஐ. நாலாவது நாள். அக்கா தங்கை இருவருக்கும் தொழிற்சாலையில் ஒரே லைனில் வேலை. ஒருத்திக்குக் கண் சிவந்தாலும் சூப்பர்வைசர் நரசிம்மன் அறைத்தோழிகளையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஒப்பந்தம் புதுப்பிக்கும் வாரம் வேறு. அதனால் தங்கை கோவில்பட்டிக்குப் போயிருக்கிறாள் என்று பொய் சொல்லிவிட்டு, அறைக்குள்ளேயே ஒளித்து வைத்திருந்தாள். முதல் நாள் அந்தி மயங்கும் நேரத்தில், ஜன்னல் திரையின் மேல் கறுப்பு பாலித்தீனை இழுத்து, நாலு ஓரமும் பழுப்பு டேப் ஒட்டினாள். கண்ணுக்கு ஈரத்துணி. எழுந்து உட்கார்ந்தால் போட்டுக்கொள்ள, தண்டலம் பஸ் ஸ்டாப்பில் வாங்கிய கறுப்புக் கண்ணாடி.

எல்லாம் தங்கைக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மை வேறு. அந்தக் கண்ணை அவளால் பார்க்க முடியவில்லை. இமைமயிரில் மஞ்சளாய்ப் பீளை காய்ந்து, ஓரத்தில் புதிதாய் ஊறிக்கொண்டிருந்ததை முதல் நாள் பார்த்தபோது குமட்டிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு துணியைத் தங்கையே நனைத்துக்கொண்டாள். சாப்பாட்டுத் தட்டை மாரிசெல்வி காலால் உள்ளே தள்ளினாள். ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். காலால்.

சாம்பலைப் பார்த்த அன்று, காலை ஷிஃப்ட் முடிந்து பிள்ளைப்பாக்கத்தில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி மூன்றரை. வீட்டுக்குப் பின்னால் போன மாதம் வரை முள்காடு இருந்தது. இப்போது புதுக் கம்பெனிக்காக மழித்துப்போட்ட செம்மண். காட்டை அழித்த வாரத்தில் முயலும் பாம்பும் ரோட்டுக்கு வந்து லாரிக்கடியில் கூழாயின. பிறகு ஒன்றுமே இல்லை. அறையில் பல்லிகூட இல்லை.

மாடிப்படியடியில் வீட்டுக்காரி ஞானம்மா துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, தங்கச்சிக்குக் கண்ணு சரியாவலியா?"

"இல்லக்கா. தண்ணியா வடியுது."

"எங்க மாட்டுக்கும் இப்டிதான் வடிஞ்சிகினே இருக்கும். கொட்டாயில சாம்பக் கலர்ல பூச்சிங்க, கண்ணு ஓரமா வரிசையா குந்திகினு உறிஞ்சும். மாடு தலைய ஆட்டாது. சொகமா நின்னுகினு இருக்கும், சனியன்."

மாரிசெல்வி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "மாடு எங்கக்கா?"

"வித்தாச்சே, பத்து நாளாவுது. காடு பூட்ச்சி, எங்க மேய்க்கறது? பூச்சிங்க மட்டும் வெறுங்கொட்டாயில சுத்திகினு கெடந்துச்சுங்க. நாலு நாளா அதுங்களையும் காணோம்." ஞானம்மா துணியைப் பிழிந்து உதறினாள். "நீங்கெல்லாம் தெக்கேர்ந்து கெளம்பி வர்ல? அது மாரி எங்கனா பொழைக்கப் போயிருக்கும்."

நாலு நாள்.

மாரிசெல்வி படியேறினாள். காலையில் துடைத்த விரல் இன்னும் கூசியது.

கதவைத் திறந்ததும் புளித்த வாடை அடித்தது, ஊறிப்போன வைக்கோலின் வாடை. கறுப்பு பாலித்தீன் பகல் வெளிச்சத்தை ஒரு பொட்டுகூட உள்ளே விடவில்லை. இருட்டில் ஏதோ ஓயாமல் உரசிக்கொண்டிருந்தது. பட்டுத்துணியை யாரோ விரல்களுக்கிடையே தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பதுபோல். அது ஃபேன் சத்தம் இல்லை. ஃபேன் நின்றிருந்தது.

"மாரி" என்று தங்கையைக் கூப்பிட்டாள்.

"வந்துட்டியாக்கா."

குரலில் தூக்கக் கலக்கம். பால் குடித்து முடித்த பிள்ளையின் நிறைவு.

"கண்ணு வலிக்குதாடி?"

"வலிக்கல. குளுகுளுன்னு இருக்கு."

ஜன்னலுக்குப் போய் டேப்பைப் பிய்த்தாள். கீழே, திரை மடிப்பு மறைத்த இடத்தில், டேப் ஏற்கெனவே விரலளவு விட்டிருந்தது; இழுத்ததும் பாலித்தீன் ஒரு மூலையில் கழன்றது. வெளிச்சம் ஒரு கீற்றாய் விழுந்தது. பாலித்தீனுக்கும் திரைக்கும் நடுவில் சாம்பல் நிறம். செதில் செதிலாக. கட்டைவிரல் நகமளவு ஒவ்வொன்றும். ஆயிரம் இருக்கும். மூச்சுவிடுவதுபோல் எல்லாம் ஒன்றாக ஏறி இறங்கின.

கொட்டாய்ப் பூச்சிகள் அன்றே திரை மடிப்பில் வந்து தங்கியிருக்கின்றன. பார்க்காமல் ஒட்டியது அவள். தங்கையையும் அவற்றையும் சேர்த்து ஒட்டியது அவள்.

 டேப்பை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

சந்தனமாரி பாயில் உட்கார்ந்திருந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். கன்னமெல்லாம் சாம்பல் பொடி. அசையாமல் இருந்தாள். கண்ணாடி அசைந்தது.

ஓடிவிடலாம். கதவு திறந்துதான் இருந்தது. காலால் தள்ளிய தட்டு வாசலோரம் கிடந்தது, சோறு தொடாமல். அதைப் பார்த்தாள். மண்டியிட்டாள். நாலு நாளில் முதல்முறையாகத் தங்கையின் முகத்தைத் தொட்டாள். சூடு. பிசுபிசுப்பு.

கண்ணாடியைக் கழற்றினாள்.

இமை இருக்கவேண்டிய இடத்தில் சிறகுகள். ஒன்றன்மேல் ஒன்றாய். மடிந்தன. விரிந்தன. இமைப்பதுபோலவே. அவற்றுக்கடியில், மயிரிழைபோன்ற குழலை ஒவ்வொன்றும் நீட்டி, கண்ணுக்குள்ளே விட்டு உறிஞ்சின.

"மாட்டி விடுக்கா" என்று கெஞ்சினாள் சந்தனமாரி. "வெளிச்சம் பட்டா அதுக போயிரும்."

மாரிசெல்விக்கு அழுகை முட்டியது. வேண்டாம் என்று நினைத்தாள். கண்ணை இறுக்கினாள். முடியவில்லை. ஒரு சொட்டு இமை தாண்டி, சூடாக, கன்னத்தில் இறங்கியது.

உரசல் நின்றது.

கண்ணைத் திறந்தாள். தங்கையின் முகத்திலிருந்த சிறகுகள் எல்லாம் விரிந்தபடி நின்றிருந்தன. மெல்ல, ஒரே நேரத்தில், அவளைப் பார்த்துத் திரும்பின.