நுனி வெட்டிய இறகு

போன் அடித்தபோது அவள் அன்றைய ஒன்பதாவது இறகின் நுனியைச் சாய்வாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

பந்தயப் புறாக்களின் இறகைச் சோதித்து, வேகத்துக்கான ஜீன் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் சின்ன லேப். ஆள் அவள் ஒருத்திதான்.

செவ்வாய்க்கிழமை. காலை பத்தேகால்.

"அக்கா..." தங்கை. குரலில் அழுகை இல்லை. "அவர் புறாக்கூண்டுல கெடக்கறார். மூச்சு இல்ல."

அவள் போனபோது போலீஸ் வந்துவிட்டிருந்தது. மொட்டை மாடிக் கூண்டின் கம்பிவலைக் கதவு திறந்தே கிடந்தது. தங்கையின் கணவன் குப்புற விழுந்திருந்தான். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் கதவைத் தாழிடும் இரும்புக் கம்பி.

சிவப்புப் புறாக்கள் அவன் முதுகின் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. எழுந்து தீனி போடுவான் என்று காத்திருந்தன.

இன்ஸ்பெக்டர் அவன் விரல்களைப் பிரித்தார்.

உள்ளே... ஒரு நீல இறகு.

"இங்க எல்லாமே சிவப்பு. இது யாரு வீட்டுப் புறா?"

"எதிர்த் தெரு பேக்கரிக்காரர்தான் நீலம் வளர்க்கறார்," என்றாள் தங்கை. "அவர் புறாவுக்கு வேகம் இல்லன்னு நேத்து ரிப்போர்ட் போச்சு. இவர் சொல்லித்தான் அக்கா மாத்தி எழுதிட்டான்னு வந்து கத்திட்டுப் போனார். அக்கா டெஸ்ட் பண்ணா எந்தப் புறான்னே சொல்லிடுவா சார்."

இன்ஸ்பெக்டர் இறகை உறையில் போட்டு நீட்டினார்.

"நீங்க சொந்தக்காரங்கதான். ஆனா புறாவுக்கு வேற லேப் இல்லையே மேடம். சாயங்காலம் வர்றேன்."

லேபுக்குத் திரும்பி உறையைக் கவிழ்த்தாள்.

கை நின்றுவிட்டது.

உயிருள்ள புறாவிடமிருந்து பிடுங்கிய இறகென்றால் அடியில் வேர் இருக்கும். இதில் இல்லை. நுனி சாய்வாக, சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது.

அது அவளுடைய வெட்டு.

வேர் நுனியை வெட்டி டெஸ்ட்டுக்கு எடுத்துக்கொண்டு, மீதி இறகைக் கூடையில் போடுவாள். பேக்கரிக்காரரின் புறா இறகுகளை ஞாயிற்றுக்கிழமை வெட்டினாள். திங்கள் காலையே கூடை எரிக்கப் போய்விட்டது.

இடையில் லேபுக்கு வந்தது ஒரே ஒருத்தி. ஞாயிறு மதியம், கையில் காபி ஃபிளாஸ்கோடு.

"எல்லாத்தையும் இப்படிச் சாய்வாதான் வெட்டுவியா?" என்று கேட்டபடி கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முழுக்கைச் சட்டை. அந்த வெயிலில்.

ஏன் என்று அக்கா கேட்கவில்லை. ஆறு வருஷமாகவே கேட்டதில்லை. ஒரு தடவை கழுத்தில் விரல் தடம் தெரிந்தது. 'கதவுல இடிச்சுக்கிட்டேன்' என்றாள் தங்கை. கதவுக்கு ஐந்து விரல் உண்டா என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

தங்கைக்கு அவனைக் கண்டுபிடித்ததே அக்காதான். லேபுக்குப் புறா கொண்டுவந்தவன். நல்ல பேச்சு, நல்ல பறவைகள். புறாவுக்கு நாலு தலைமுறை பார்த்தவள், மாப்பிள்ளைக்கு ஒரு தலைமுறைகூடப் பார்க்கவில்லை.

வேர் இல்லாத இறகு எதற்கும் உதவாது என்பது தங்கைக்குத் தெரிந்திருக்காது. பைத்தியக்காரி... மாட்டிக்கொள்வாள்.

லேபுக்கு வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் ஒரே பெயர். 'கூடப் பொறந்தவளும் கையெழுத்துப் போடணுமா?' என்று கேலி செய்துகொண்டே போட்டது.

பக்கத்தைக் கிழித்துக் கைப்பையில் திணித்தாள்.

ஐந்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார்.

"சொல்லுங்க மேடம்."

"சண்டையில பிடுங்கின இறகு சார். வேர் நசுங்கிப்போச்சு. ரிசல்ட் வராது."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பேக்கரிக்காரர் காலையில அஞ்சு மணியிலேர்ந்து அடுப்பு முன்னாடி. ரொட்டி வாங்கின முப்பது பேர் சாட்சி. அந்த இறகை அங்கயே பார்த்துட்டேன். கத்தரியில வெட்டினது. நான் அதைக் கொடுத்தது டெஸ்ட்டுக்கு இல்ல. நீங்க என்ன சொல்றீங்கன்னு பார்க்க."

அவள் கத்தரியை மேஜை ஓரமாக நகர்த்தினாள்.

"புறா வளர்க்கற நாலு பேர்கிட்ட விசாரிச்சேன். இப்படி வெட்டறது உங்க லேப் மட்டும்தானாம். காலையில ஒன்பது மணிக்கு, அவர் செத்த நேரத்துல, எங்க இருந்தீங்க?"

"இங்கதான். தனியா."

"பொய் ரிப்போர்ட் எழுதச் சொல்லி மாப்பிள்ளை மிரட்டினாராம். அவரை ஒழிச்சுக் கட்டறேன்னு நீங்க சொன்னீங்களாம்."

"யார் சொன்னது?"

"உங்க தங்கச்சி. வாக்குமூலத்துல கையெழுத்தே போட்டுட்டாங்க. கிளம்பும்போது இன்னொண்ணும் சொன்னாங்க... 'இவரைக் கொண்டுவந்ததே அக்காதான்.'"

எல்லாத்தையும் இப்படிச் சாய்வாதான் வெட்டுவியா?



பேக்கரிக்காரர் வெறும் சாக்கு. தங்கை குறி வைத்தது அக்காவை. ஆறு வருஷம் பார்த்தும் பார்க்காதவளை.

இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டினார்.

"ஞாயித்துக்கிழமை பக்கத்தைக் காணோமே?"

பேசாமல் இருந்துவிடலாம். ஆறு வருஷம் பேசாமல் இருந்து பழகியதுதானே. அந்தப் பேசாமையில்தான் ஒருத்தி கம்பியைத் தூக்கியிருக்கிறாள்.

கைப்பையைத் திறந்தாள். கசங்கிய தாளை மேஜையில் வைத்து, உள்ளங்கையால் நீவினாள்.

"அந்த இறகு ஞாயித்துக்கிழமை கூடையில இருந்தது சார். அன்னைக்கு வந்தது இவ ஒருத்தி. கிழிச்சது நான். காப்பாத்தலாம்னு."

அவர் கையெழுத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"அவளைக் கூட்டிட்டு வரும்போது சட்டைக் கையை மடிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. கழுத்தையும். ஒவ்வொரு தழும்பையும் எழுதிக்குங்க. எதுவும் கதவுல இடிச்சது இல்ல. கோர்ட்டுல அதுக்கு நான் சாட்சி."

"இவ்வளவு நாள் ஏன் சொல்லல?"

அவள் நோட்டை மூடி அவர் பக்கம் தள்ளினாள்.

இன்ஸ்பெக்டர் தாளை மடித்துப் பையில் வைத்தார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"புறாவுக்கு இத்தனை டெஸ்ட் வச்சிருக்கீங்க. மாப்பிள்ளைக்கு ஒண்ணு வச்சிருக்கக் கூடாதா மேடம்?"

கத்தரியைத் துடைத்து உறையில் போட்டாள்.

"புறா பேசாம இறகைக் குடுத்துடும் சார்... மாப்பிள்ளைங்க குடுக்க மாட்டாங்க."