தூசி எழுப்பாத வண்டி

எதிரே வந்த வெள்ளை பிக்அப்பின் பின்னால் தூசி எழவில்லை. அதை நோலீன் கவனித்தபோது வண்டி அவளைக் கடந்துவிட்டது. அவள் வலதுகை ஆள்காட்டி விரல் ஸ்டியரிங்கிலிருந்து ஏற்கெனவே எழுந்து இறங்கியிருந்தது.

அந்தப் பக்கத்துச் செம்மண் பாதைகளில் எதிரில் வருபவருக்கு வணக்கமாக ஒரு விரல் தூக்காமல் போவதற்குப் பகை வேண்டும். அப்பாவின் மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்த நாளிலிருந்து அவளுக்கு அது மூச்சு விடுவதுபோல.

காலையில் பெட்ரோல் பங்கில் ஷர்ல் கிழவி சொல்லியிருந்தாள்.

"வெள்ளை பிக்அப் வந்தா விரலத் தூக்காத, கண்ணு. தூக்கினா திரும்பி வரும்."

"வரட்டும்," நோலீன் சிரித்தாள். "என் தம்பி எங்கேன்னு அதுகிட்டயும் கேக்கறேன்."

"உன் தம்பியும் இப்படித்தான் சிரிச்சான்."

போன குளிர்காலத்தில் தம்பி டெஸ்ஸின் ஜீப் வறண்ட ஓடை ஒன்றின் அருகே கிடைத்தது. கதவு திறந்திருந்தது. தண்ணீர்க் கேன்கள் நிறைந்திருந்தன. வழி தவறி நடந்திருப்பான் என்று போலீஸ் எழுதி முடித்தது. வண்டி நின்றுபோனால் வண்டியை விட்டு நகராதே என்று ஊருக்கே பாடம் எடுத்தவன் அவன். இன்றிரவு அவன் ஜீப் கிடைத்த இடத்தில் படுக்கை விரிக்கத்தான் நோலீன் கிளம்பியிருந்தாள். அவன் இல்லாமல் திரும்புவதில்லை என்று வீட்டில் சொல்லியிருந்தாள்.

வெயில் சாயத் தொடங்கியபோது பிக்அப் மறுபடி எதிரே வந்தது. அந்தப் பாதையில் கிளை கிடையாது. அது அவளைப் பின்னாலிருந்து முந்தவும் இல்லை.

இந்த முறை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஓட்டுகிறவனின் வெளுத்த தொப்பி தெரிந்தது. அதன் கீழே டெஸ்ஸின் முகம். அவன் விரல் தூக்கினான்.

அவளும் தூக்கிவிட்டாள். தம்பிக்கு எப்படித் தூக்காமல் இருப்பது.

கொஞ்ச தூரம் போய் வண்டியைப் பாதைக்குக் குறுக்கே நிறுத்தினாள். இனி விரல் எழாதபடி, கறுப்பு டேப்பால் வலதுகையை ஸ்டியரிங்கோடு சேர்த்துச் சுற்றிக் கட்டினாள். பல்லால் அறுத்தாள். இஞ்சினை அணைத்தாள்.

சூடான ரப்பர் வாசனை. காலையிலிருந்து முகத்தை விடாத ஈக்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. புதர்களில் காற்று அசைந்துகொண்டிருந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. அவளுடைய இஞ்சின் ஆறும் டிக் டிக் மட்டும். பிறகு அதுவும் இல்லை.

வெள்ளையாக ஒன்று. தூசி இல்லை.

பத்தடி முன்னால் நின்றது.

"இறங்குடா, டெஸ்," என்றாள். "உன்னக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன்."

அவன் வாய் திறந்தான். உள்ளே செம்மண். உதட்டு விளிம்புவரை.

அவன் இறங்கவில்லை. பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தான். ஓட்டுநர் இருக்கையைக் கையால் தட்டினான்.

"நான் வரல. நீ வா," என்றாள் அவள்.

மறுபடி தட்டினான்.

"வரமாட்டேன்னு சொல்றேன்."

டேப் இறுக்கமாகத்தான் இருந்தது. அதற்குள் விரல் அசைந்தது. அவள் அசைக்கவில்லை.

கண்ணை இமைத்தாள்.

எதிரே ஒரு வண்டி குறுக்கே நின்றது. அவளுடையது. கதவு திறந்திருந்தது. பின்னால் தண்ணீர்க் கேன்கள் நிறைந்திருந்தன. ஸ்டியரிங்கில் பிரிபடாத கறுப்பு டேப், வெறும் வளையமாக.

பிக்அப்பின் ஓட்டுநர் இருக்கையில் அவள். கையில் டேப் இல்லை. பக்கத்தில் ஈர மண் வாசனை. டெஸ் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். பிக்அப் தானாக நகர்ந்தது.

"உன்ன விட்டுட்டுப் போகமாட்டேன்," என்றாள். "ஆனா அடுத்த ஆளப் பிடிக்க நான் ஓட்டமாட்டேன்." நாக்கில் மண் கரகரத்தது. துப்பினாள். மறுபடி ஊறியது.

தொலைவில் தூசி. ஒரு வேன், கூரையில் சைக்கிள்கள், ஜன்னலில் குழந்தை முகங்கள்.

விரல் எழுந்தது.

இடதுகையால் அழுத்தினாள். அது எழுந்தது. குனிந்து அதைக் கடித்துப் பிடித்தாள்.

வேன் நெருங்கியது. எலும்பு பல்லில் தட்டியது. அவள் விடவில்லை. பக்கத்து இருக்கையில் டெஸ் வேனைப் பார்த்து மெல்லத் தன் விரலைத் தூக்கினான்.