கீழ்ப் பட்டனை அமுக்கியது யார்?

"நான் இன்னும் சத்தமே போடலைங்க... நீங்க எதைக் கேட்டு அமுக்குறீங்க?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவன் மைக்கில் கேட்டான். சத்தம் புகாத அந்தச் சின்ன அறைக்குள், காது டெஸ்டுக்காகத் தலையில் ஹெட்போனும், சத்தம் கேட்டால் அமுக்கக் கையில் பட்டனுமாக உட்கார்ந்திருந்தவளுக்குச் சுருக்கென்றது.

"கேக்குது சார். டிக் டிக்னு விடாம கேக்குது."

"என் மிஷின்ல அப்படி ஒரு சத்தமே கிடையாதே!"

"அப்போ மிஷினுக்கு டெஸ்ட் எடுங்க. என் காதை ஏன் குறை சொல்றீங்க?"

அவன் எழுந்து கதவைத் திறந்து உள்ளே வந்தான். அவள் கையில் தாடையை ஊன்றியிருப்பதைப் பார்த்தான். மணிக்கட்டைப் பார்த்தான். சிரித்துவிட்டான். உதடு சும்மா இருக்க, கண்கள் மட்டும் சுருங்கிச் சிரிக்கிற சிரிப்பு... ஐயோ, இப்படியும் ஒருத்தர் சிரிப்பாரா?

"உங்க வாட்ச்தான். தாடை எலும்பு வழியா நேரா காதுக்குள்ள போகுது. கழட்டிக் குடுங்க."

கழட்டுவதா!

நீச்சல் குளத்தில் பிள்ளைகளைப் பழக்குகிறவள் அவள். ஊரே 'கோச்' என்றுதான் கூப்பிடும். வலது காது அடைத்த மாதிரி இருக்கிறதே என்று இந்தக் காது ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். குளத்தோரம் அவள் கழுத்தில் பிளாஸ்டிக் ஸ்டாப்வாட்ச் தொங்கும்; அது பிழைப்புக்கு. கையில் இருப்பது ஆசைக்கு. சாவி கொடுத்து ஓட்டுகிற பழைய குரோனோகிராஃப். வெள்ளை முகம், அதில் இரண்டு குட்டி வட்டங்கள், பக்கவாட்டில் இரண்டு பட்டன்கள். மேல் பட்டனை அமுக்கினால் மெல்லிய நீல முள் ஓடும். மறுபடி அமுக்கினால் நிற்கும். நின்ற பிறகுதான் கீழ்ப் பட்டனைத் தொட வேண்டும். முள் ஒரே துள்ளலில் உச்சிக்குப் போய்விடும். ஓடும்போது தொட்டால் வம்பு.

அலமாரியில் இதற்கு உடன்பிறப்புகள் வேறு உண்டு. "மனுஷனைக் கட்டிக்கடின்னா, கடிகாரத்தைக் கட்டிக்கிட்டுத் திரியறா!" என்பது அம்மாவின் அன்றாடப் புலம்பல்.

இதுவரை யார் கையிலும் அதைக் கொடுத்ததில்லை. அன்று ஏனோ கொடுத்தாள். நீல முள் ஓடிக்கொண்டிருந்தது. எங்கே காத்திருந்தாலும் அதை ஓடவிடுவது அவள் வழக்கம்.

"எதையும் அமுக்காதீங்க, என்ன?"

"சேச்சே..."

பீப்... பீப்... சத்தம் வரவர மெலிந்தது. நடுவில் ஒரு நீளமான அமைதி. எட்டிப் பார்த்தாள். அவன் மேஜைக்கு அடியில் எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். இமைகள் மட்டும் தெரிந்தன. ஆம்பளைக்கு எதுக்கு இவ்வளவு நீள இமை?

டெஸ்ட் முடிந்து வாட்ச் கைக்கு வந்தது. நீல முள் நின்றிருந்தது. உச்சியில் அல்ல, ஒரு கோடு தள்ளி, வீடு மாறி நுழைந்த விருந்தாளி மாதிரி விழித்துக்கொண்டு.

"கீழ்ப் பட்டனை அமுக்கினீங்களா?"

அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டரம்மா தலையை நீட்டினார். "என்னப்பா, மறுபடியும் யார் சாமானையாவது நோண்டினியா?"

அவன் முகம் வெளுத்தது. "நான் தொடவே இல்ல, மேடம்."

அவள் விருட்டென்று எழுந்தாள். வாட்சைக் கட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கி நடந்தாள்.

முள் தள்ளி நின்றதைக்கூட மன்னிக்கலாம். தொடவே இல்லையாமே! நம்பிக் கொடுத்தேனே... ஆனால் கோபத்துக்கு அடியில் வேறொன்று குறுகுறுத்தது. ஏன் அமுக்கினான்? அந்த அமைதியில் அப்படி என்ன செய்துகொண்டிருந்தான்? மறுநாள் குளத்தில் இதையே நினைத்தபடி ஸ்டாப்வாட்சை நிறுத்த மறந்தாள். "கோச், நான் வந்து ரொம்ப நேரமாச்சு!" என்று தண்ணீருக்குள்ளிருந்து ஒரு பிள்ளை கத்தியது.

வார இறுதியில் வாட்ச் ரிப்பேர் கடைக்குப் போனாள். கடைக்காரி அவளுடைய சினேகிதி, செல்லப்பெயர் 'ஸ்க்ரூ'. தடுப்புக்குப் பின்னால் கோச் உட்கார்ந்திருக்க, முன்மேஜையில் வாட்ச் முதுகு திறந்து கிடந்தது. வெளியே மழை. நனைந்த குரல் ஒன்று கடைக்குள் வந்தது.

"ஒரு சந்தேகங்க. ரெண்டு பட்டன் வச்ச வாட்ச்ல, முள்ளு ஓடும்போதே கீழ்ப் பட்டனை அமுக்கினா என்னங்க ஆகும்?"

அந்தக் குரல்! கோச் சட்டென்று நிமிர்ந்தாள். ஸ்க்ரூ திரும்பிப் பார்த்தாள். 'காட்டிக் கொடுக்காதே' என்று இவள் கையாட்டினாள்.

"அமுக்கின மகராசன் யாரு?"

"நான்தாங்க... நாள் பூரா மிஷின் போடற பீப்பையே கேக்கற காது இது. அந்த வாட்சைக் காதுல வச்சா உயிரோட இருக்கற மாதிரி இருந்துச்சு. நீல முள்ளை நிறுத்தினா சத்தம் மாறுமான்னு கை அரிச்சுது. பட்டனை மாத்தி அமுக்கிட்டேன்."

"உடையவங்ககிட்ட சொன்னீங்களா?"

"தொடவே இல்லன்னு சொல்லிட்டேன். திட்டியிருந்தாக்கூட ஆறியிருக்கும். பேசாம போயிட்டாங்க. இன்னிக்கு டாக்டரம்மாகிட்ட உண்மையைச் சொல்லி நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். வைத்தியத்துக்கு வந்தவங்க நம்பரை எடுத்து நான் போன் பண்றது முறையில்ல. அதான், ரிப்பேருக்கு எங்கயாவது வந்திருக்குமான்னு கடை கடையா ஏறி விசாரிக்கறேன்."

"பார்க்க எப்படி இருக்கும்?"

"வெள்ளை முகம், ரெண்டு குட்டி வட்டம்..."

"அட, வாட்சைக் கேக்கல. பொண்ணைக் கேட்டேன்!"

அவன் குரல் தணிந்தது. "கோபம் வந்தா... மூக்கு நுனி மட்டும் சிவக்கும்."

தடுப்பை விலக்கிக்கொண்டு அந்த மூக்கு வெளியே வந்தது. அவன் இரண்டடி பின்வாங்கினான்.

"மாறுச்சா?" என்றாள்.

"எ... என்னது?"

"சத்தம்."

"மாறுச்சுங்க. முள்ளு ஓடறப்போ கொஞ்சம் அமுங்கின மாதிரி... நின்னதும் பளிச்சுன்னு."

இத்தனை வருஷம் கட்டியிருந்தும் அவள் காதில் அது விழுந்ததே இல்லை! வந்த கோபம் எங்கே போயிற்றென்று அவளுக்கே தெரியவில்லை.

"நானும் ஒரு பொய் சொல்லியிருக்கேன். கடைசியா வந்த பீப் எதுவுமே எனக்குக் கேக்கல. ஒவ்வொண்ணுக்கும் நீங்க புருவத்தைத் தூக்குனீங்க. அதைப் பார்த்துத்தான் அமுக்கினேன்."

"அப்போ ரிப்போர்ட்டே தப்பு! மறுபடி டெஸ்ட் எடுக்கணும்... ஆமா, என் புருவத்தை எதுக்குப் பார்த்தீங்க?"

அவள் மழையைப் பார்த்தாள்.

ஸ்க்ரூ தொண்டையைக் கனைத்தாள். "முள்ளை நேராக்கட்டுமா? இல்ல, ஞாபகார்த்தமா கோணலாவே விட்டுடட்டுமா?"

"நேராக்குடி! காதல் வேற, கடிகாரம் வேற!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. மூக்கு நுனியோடு நிற்காமல் கன்னமும் சிவந்தது.

"என்ன சொன்னீங்க?" என்றான் அவன் மெல்ல.

"காது பார்க்கறவருக்கே காது கேக்கலையா?"

"கேட்டுச்சு..." அவன் கண்கள் சுருங்கிச் சிரித்தன. "இன்னொரு தடவை கேக்கணும்."