தலையணை கேட்காதவள்

அன்றைக்கு அவள் தலையணை கேட்கவில்லை.

மர்மக் கதை எழுதுகிறவருக்கு அது உறுத்தியிருக்க வேண்டும். எந்தக் கொலையையும் தன் எழுத்து அறையில் ஒருமுறை நடத்திப் பார்க்காமல் அவர் பத்திரிகைக்கு அனுப்பியதில்லை. பிணமாகப் படுப்பது மனைவி. "தரை சில்லுனு இருக்குங்க. தலைக்கு ஒண்ணு வச்சுக்கறேனே," என்பாள் ஒவ்வொரு முறையும். "பிணம் எங்கயாவது தலையணை கேக்குமா? சும்மா படு," என்பார் இவர். அவளும் சிரித்துவிட்டுப் படுப்பாள். எழுந்ததும் பிடரியைத் தேய்த்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைக்கப் போவாள். அதை அவர் பார்த்ததுண்டு. பார்த்ததோடு சரி.

அன்று அவர் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் தலை வரை போர்வையை இழுத்து மூடித் தரையில் படுத்திருந்தாள். வேலையிலிருந்து எப்போது வந்தாள் என்றே தெரியவில்லை.

"கூப்பிடாமலே படுத்துட்டியா? பரவாயில்லையே."

பிணம் பேசக் கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம்தான்.

புதுக்கதையில் கொலைகாரன் வெளியே நின்றபடி உள்தாழ்ப்பாளைப் போட வேண்டும். கதவின் கீழ்த்தாழ்ப்பாளில் தையல் நூலைச் சுற்றி, நுனியைக் கதவுக்கு அடியில் கூடத்துப் பக்கம் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினார். ஜன்னலில் சாயங்கால வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மழை பெய்து வெகு நாளாகியும் அறைக்குள் ஈரமண் வாசனை. மின்விசிறியின் கிறீச்சொலி, பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுவது, தன் முழங்கால் மடங்கும்போது எழும் சத்தம், எல்லாம் கேட்டன. போர்வைக்குள்ளிருந்து மூச்சு மட்டும் கேட்கவில்லை.

நன்றாகத்தான் நடிக்கிறாள் என்று நினைத்தார். நினைத்ததும் மனசு ஏனோ இளகியது. இத்தனை வருஷமாக அவள் கேட்டது ஒரு தலையணை. அறை மூலையில் கிடந்த கட்டிலிலிருந்து எடுத்து வந்து குனிந்தார்.

"இந்தா, வச்சுக்கோ."

போர்வை மூடிய தலை தானாகவே கொஞ்சம் உயர்ந்தது. தலையணையை அடியில் தள்ளினார். விரலில் கூந்தல் பட்டது. நனைந்திருந்தது. கையை எடுத்துப் பார்த்தார்.

மண்.

வாசல் கேட் திறந்தது. செருப்பைக் கழற்றும் சத்தம்.

"ஆரம்பிச்சிட்டீங்களா? பஸ்ஸே கிடைக்கலங்க. நான் வந்து படுக்கணுமா?"

மனைவியின் குரல். கூடத்திலிருந்து.

அவர் பின்னால் நகர்ந்து கதவில் முதுகை ஒட்டிக்கொண்டார். திறந்தால் ஓடலாம். திறந்தால் எதிரே அவள் நிற்பாள். பின்னாலேயே இது வரும்.

"உள்ள வராதே." குரலைச் சிரமப்பட்டு நேராக்கினார். "கீழ நூல் கிடக்கா? அதை இழு."

"அப்ப பிணம்?"

"வேண்டாம். நீ... பஸ்ஸில நின்னுக்கிட்டே வந்திருப்ப. இழுத்துட்டு, பக்கத்து வீட்டுல போய் உக்காரு. கொஞ்ச நேரம்."

"அடடே! இன்னிக்கு என்ன, கரிசனம் பொங்கி வழியுது!"

நூல் இறுகியது. தாழ்ப்பாள் விழுந்தது.

"விழுந்துடுச்சுங்க! உங்க கொலைகாரன் தப்பிச்சான்."

சிரிப்பு தூரமாய்ப் போனது. கேட் சாத்தும் சத்தம் கேட்டது. கடவுளே, அவள் போய்விட்டாள். அது போதும்.

குனிந்து தாழ்ப்பாளைத் தூக்கினார். வரவில்லை. இரண்டு கையாலும் தூக்கினார்.

மின்விசிறி நின்றிருந்தது. எப்போது?

முதுகுக்குப் பின்னால், போர்வைக்குள்ளிருந்து, அவளுடைய அதே குரல்.

"தரை சில்லுனு இருக்குங்க."

திரும்பினார்.

தலை நகர்ந்தது. மெல்ல. தலையணையில் பாதியை அவருக்கு விட்டு.