உள்ளே தேய்ந்த மரம்

கிட்டார்ப் பெட்டியைத் திறந்ததும் நெல்டா கம்பிகளைத்தான் தொட்டுப் பார்த்தாள். அவை சூடாக இருந்தன. ஜனவரிக் குளிரில், அதை விற்க வந்த ராய்ஸின் வண்டியின் பின்பக்கத்தில் மூன்று மணி நேரம் கிடந்து நாஷ்வில் வந்து சேர்ந்த பெட்டி அது. உள்ளே விரித்திருந்த வெல்வெட்டுகூடச் சில்லிட்டுக் கிடந்தது. கம்பிகள் மட்டும், யாரோ இப்போதுதான் வாசித்துவிட்டு வைத்தாற்போல.

"எங்க பெரியப்பா 1937ல புதுசா வாங்கினது மேடம்," என்றான் ராய்ஸ், தொப்பியைக் கையில் பிடித்தபடி. "வாங்கின வாரமே கட்டிலுக்கு அடியில தள்ளிட்டாரு. சாகிற வரைக்கும் யாரையும் தொட விடல. 'நாம வாசிச்சா அதுக்குப் பிடிக்கலடா'ன்னு சொல்லுவாரு. மனுஷனுக்கு மறை கழண்டு போச்சு."

கடைக்காரர் கிளைட் சிரித்தார். "நெல்டா, போன வருஷம் மாதிரி கோட்டை விட்டுடாத. பொம்பளைங்க வயசத் தப்பாச் சொன்னாக்கூட மன்னிச்சிடுவாங்க. கிட்டாருக்குத் தப்பாச் சொன்னா இந்தத் தெருவுல நிக்க முடியாது."

"நீங்க காபியக் குடிங்க. நான் பாத்துட்டு வர்றேன்."

போன வருஷம் ஒரு கிட்டாரைச் சோதித்து, 'திறக்கப்படாதது' என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டாள். அதன் முதுகுப் பலகையை எவனோ கழற்றி ஒட்டியிருந்தான். இன்னொரு தவறு நடந்தால் அவள் கையெழுத்துக்கு மதிப்பில்லை, இந்த வேலையும் இல்லை. பழைய கிட்டாரின் விலையெல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது: யாரும் கை வைக்காதது.

பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தி, புற ஊதா விளக்கை மட்டும் போட்டாள். அந்த வெளிச்சத்தில் பழைய வார்னிஷ் வெளிறிய பச்சை மஞ்சளாக மினுங்கும், பிற்பாடு பூசிய இடம் கறுத்துத் தெரியும். இதில் ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை. ஓரங்களில் பலகைகளை ஒட்டிய வஜ்ஜிரப் பசைக் கோடு தொழிற்சாலையில் விட்டபடியே, முடியளவுகூட விலகாமல் ஓடியது. கழுத்தில் விரல் அழுத்தும் ஃப்ரெட்டுகளில் ஒரு தேய்மானம் இல்லை. அவள் மனம் குளிர்ந்தது. ஆனால் மூக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. மூடிக் கிடந்த பொருளுக்குரிய பூஞ்சை வாடை வராமல், ஒலித்துளையிலிருந்து வியர்த்த சட்டைக் கழுத்தின் வாடை வந்தது.

சின்ன பல்பு வைத்த கைக்கண்ணாடியைத் துளைக்குள் விட்டாள்.

உட்புற மரத்துக்கு யாரும் வார்னிஷ் பூசுவதில்லை. சொரசொரப்பாக, தூசி படிந்து இருக்க வேண்டும். இந்த மரம் பளபளத்தது. முழங்கை பதியும் இடத்தில் ஒரு தேய்மானம். நகம் உரசும் இடத்தில் பள்ளம். வருஷக்கணக்காகத் தினமும் வாசித்த கிட்டாரில் அவள் ஆயிரம் முறை பார்த்த அடையாளங்கள்தான், இருக்க வேண்டிய இடங்களில்தான் இருந்தன.

ஆனால் மேல்பலகைக்கு அடிப்பக்கத்தில்.

உள்ளேயிருந்து வாசித்திருந்தார்கள்.

இல்லை. யாரோ திறந்திருக்கிறார்கள். தேய்த்து மெருகேற்றி, மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். அப்படித்தான் இருக்க முடியும், அப்படியானால் ஒட்டிய பிசிறு எங்கேயாவது கையில் தட்டுப்படும். கிட்டாரின் கழுத்தை ஒட்டிய மேல்தோள் மூலைக்குக் கண்ணாடி எட்டவில்லை. பார்க்காமல் கையெழுத்துப் போடலாமா? கதவுக்கு அப்பால் கிளைட் எதற்கோ சிரிப்பது கேட்டது. போன வருஷக் கதையாகத்தான் இருக்கும்.

ஆறு கம்பிகளையும் தளர்த்தி விலக்கினாள். கையைக் குவித்து, மணிக்கட்டுவரை உள்ளே விட்டாள்.

மரம் வழவழவென்று இருந்தது. வெதுவெதுப்பாக. மூலையைத் தடவினாள். பிசிறு இல்லை. ஒட்டு இல்லை. இதை யாரும் திறந்ததே இல்லை.

அப்போது சுண்டுவிரலில் ஏதோ பட்டது.

காய்த்துப்போன விரல்நுனி.

கையை இழுத்தாள். வரவில்லை. வலிக்கவும் இல்லை. பிடி அவ்வளவு பக்குவமாக இருந்தது. விலை உயர்ந்த பொருளைப் பிடிக்கிற பிடி.

"என்ன நெல்டா," கிளைட்டின் குரல், "எழுதிடலாமா?"

மற்றக் கையால் கிட்டாரை நெட்டித் தள்ளினாள். பிடி தளரவில்லை.

உள்ளே அந்த விரல்கள் அவசரப்படவில்லை. அவள் பெருவிரலை அடியிலிருந்து நுனிவரை தடவின. அடுத்தது ஆள்காட்டி விரல். ஒவ்வொரு கணுவிலும் நின்று நின்று. சுண்டுவிரலில், நாலாம் வகுப்பில் உடைந்து கோணலாகக் கூடிய எலும்பின் மேல் வந்ததும் நின்றன. திரும்பிப் போய் இன்னொரு முறை தடவின.

பிறகு அதை மட்டும் விட்டுவிட்டன.

மற்ற நான்கையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மோதிர விரல் நகத்தின் ஓரத்தில், பிற்பாடு ஒட்டியதுதானா என்று பார்ப்பதுபோல, மெல்ல, மிக மெல்ல, நெம்பத் தொடங்கின.